ஐந்து ‘ஆர்’ சட்டகம்

மருந்தாய்வின் தொடக்க நிலையில் எந்தத் திட்டத்தைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் 2011இல் வகுத்துக்கொண்ட நடைமுறை.

2005 முதல் 2010 வரை இந்நிறுவனம் மருந்தாக்கத் தேர்ந்தெடுத்த மூலக்கூறுகளில் மூன்றாம் கட்ட மருத்துவச் சோதனையைத் தாண்டியவை 4 விழுக்காடுதான். துறையின் சராசரிகூட இதைவிட மேல். காரணம் தேடி 142 திட்டங்களை அலசியபோது, விலங்குச் சோதனையோடு நின்றவை பெரும்பாலும் நச்சுத்தன்மையாலும், நோயாளிகள்வரை போனவை பெரும்பாலும் பலன் இல்லாததாலும் விழுந்தது தெரிந்தது. அதற்கும் அடியில் இருந்தது நிர்வாகக் கோளாறு: ஆண்டுக்கு எத்தனை மூலக்கூறுகளை அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பதை வைத்தே ஆய்வுக் குழுக்கள் எடைபோடப்பட்டன. எண்ணிக்கை கேட்ட இடத்தில் எண்ணிக்கைதான் வந்தது.

புதிய சட்டகம் ஒவ்வொரு திட்டத்திடமும் ஐந்து கேள்விகளைக் கேட்டது. ஒவ்வொன்றும் ‘சரியான’ எனப் பொருள்படும் ‘ரைட்’ (right) என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்குவதால்தான் ஐந்து ‘ஆர்’. தாக்கும் இலக்கு சரியா, மருந்து உரிய திசுவைச் சேர்கிறதா, பாதுகாப்பானதா, யாருக்குப் பலிக்கும், சந்தை இருக்கிறதா? முதல் கேள்விக்கே கனம் அதிகம். நோய்க்கும் இலக்குக்கும் மரபணுத் தொடர்பு தெரிந்திருந்த திட்டங்களில் 73 விழுக்காடு இரண்டாம் கட்டத்தில் தாக்குப்பிடித்தன. தெரியாதவற்றில் 43 விழுக்காடுதான்.

நுரையீரல் புற்றுநோய் மருந்தான ஓசிமெர்டினிப் இதற்கு நல்ல சான்று. முந்தைய மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போகச் செய்யும் டி790எம் என்ற மரபணு மாற்றமே இதன் இலக்கு. அந்த மாற்றம் உள்ளவர்களைச் சோதித்துக் கண்டறிந்துவிடலாம் என்பதால், யாருக்கு மருந்து என்ற குழப்பமில்லை. 2013 மார்ச்சில் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட மருந்துக்கு 2015 நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்துவிட்டது.

2012–2016 காலத்தில் வெற்றி விகிதம் 19 விழுக்காடானது. இது நிறுவனத்தின் ஆய்வாளர்களே வெளியிட்ட கணக்கு. அதே ஆண்டுகளில் திட்டங்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டதால், முழுப் பெருமையையும் ஐந்து கேள்விகளுக்கே கொடுத்துவிட முடியாது.

கறாரான வடிகட்டலுக்கு இன்னொரு முகமும் உண்டு: நல்ல மருந்தும் அதில் தவறிப்போகலாம். ஜப்பானின் சாங்க்யோ நிறுவனத்தில் அகிரா எண்டோ 1973இல் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த காம்பாக்டின் என்ற சேர்மம், எலிகளிடம் கொலஸ்ட்ராலைக் குறைக்கவில்லை. இந்தச் சட்டகத்தின்படி பார்த்தால் அங்கேயே மூடியிருக்க வேண்டிய கோப்பு. எண்டோ விடவில்லை, முட்டையிடும் கோழிகளிடம் கொடுத்துப் பார்த்தார், கொலஸ்ட்ரால் இறங்கியது. பின்னர் நாய்களிடம் அதிக அளவில் கொடுத்தபோது எழுந்த புற்றுநோய்ச் சந்தேகத்தால் 1980இல் சாங்க்யோ அதைக் கைவிட்டது. அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டாடினை அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் 1987இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.