தார் சுற்றிய கைகளும் விடிய விடியப் பார்த்த படங்களும்

1980களின் கடைசியில் ஒரு வைகுண்ட ஏகாதசி இரவு. ஐயம்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் காசு போட்டு, தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் கண் விழிக்க வேண்டும். தியேட்டர்களில் அடுத்தடுத்து இரண்டு மூன்று படம் ஓட்டுவார்கள். அங்கே போக எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அனுமதி இருந்ததில்லை. தெருவிலேயே படம் என்றபோது தடுக்க யாரிடமும் காரணம் இல்லை. விரதம்தானே!

நான்கு கேசட்டுகள். எடுத்து வந்தவர்கள் ஆண்கள். ஆகவே முதல் இரண்டும் சண்டைப் படங்கள். ‘பொம்பளைங்க பாக்குற படம்’ நள்ளிரவுக்கு மேல்தான் ஓடும். அதற்குள் ஆண்களில் பாதிப் பேர் திண்ணையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் எங்கள் பெண்கள் வாய் திறந்து பேசத் தொடங்குவார்கள்.

தமிழ் சினிமா வரலாற்றில் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது, வசூல் கணக்கு இருக்கிறது. அந்த இரண்டு மணிப் பேச்சு எதிலும் இல்லை. எனக்கு நினைவிருக்கும் மட்டும் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் மூத்த மருமகள் உமா, உடைந்த குடும்பத்தை ஒட்ட வைத்துவிட்டு, இனி தனித்தனியாகவே இருப்போம் என்பாள். எல்லோரும் மெச்சிய முடிவு அது. என் அத்தை மட்டும் சொன்னார்: “தனியா போறேன்னு அவ சொல்லலாம். நமக்குத் தறிக்குழி இந்த வீட்லதானே இருக்கு? அதைத் தோண்டி எடுத்துட்டுப் போக முடியுமா?” அடுத்த படம் பாரதிராஜாவின் ‘புதுமைப் பெண்’ (1984). சிறையிலிருந்து கணவனை மீட்க உழைத்த சீதா, அவன் தன்னையே சந்தேகிப்பதைக் கண்டு வீட்டை விட்டு வெளியேறுவாள். “போனா சரி. போயி எங்க தங்கினா, என்ன சாப்பிட்டா? அதைத்தான காட்டணும்” என்றார் பக்கத்து வீட்டு ஆயா.

இந்தப் படங்களைத் தனித்தனியாக, மாதத்துக்கு ஒன்றாகப் பார்த்திருந்தால் இந்தக் கேள்விகள் வந்திருக்குமா என்று தெரியவில்லை. ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்த்தபோது அச்சு தெரிந்துவிட்டது. ஒருத்தி வாசலில் நின்று வீரமாகப் பேசுகிறாள். இன்னொருத்தி வாசலைத் தாண்டுகிறாள். இரண்டு படமும் வாசலோடு முடிகின்றன. படத்தை எடுத்தவர்களுக்கு வாசல்தான் முடிவு. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கோ கேள்வியே வாசலுக்கு அந்தப் பக்கம்தான் தொடங்கியது.

விடிந்ததும் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். தெருவில் பாவு நீட்ட வேண்டும், தார் சுற்ற வேண்டும். நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலைச் சுற்றித் தருவதுதான் தார் சுற்றுவது. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்கு, நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் உட்கார வேண்டும். பல வீடுகளில் அது மனைவி, இல்லாவிட்டால் மகள். கூலியோ புடவைக் கணக்கில் நெய்பவர் கையில் வரும். தார் சுற்றியதற்கென்று தனியாக ஒரு காசு என் அம்மா வாங்கி நான் பார்த்ததில்லை. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் சுமார் 72 விழுக்காடு பெண்கள். ஆனாலும் ‘நெசவாளி’ என்றால் நம் மனதில் எழுவது ஓர் ஆணின் முகம்தான்.

1993இல் சன் டிவி வந்தது. 1999இல் ராதிகாவின் ‘சித்தி’, 2002இல் ‘மெட்டி ஒலி’, 2003இல் தேவயானியின் ‘கோலங்கள்’. இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006இல் தொடங்கியபின், பெட்டி இல்லாத வீடுகளுக்கும் பெட்டி வந்தது. ‘பொம்பளைங்க வேலையை விட்டுட்டு சீரியல் பாக்குறாங்க’ என்ற கேலியும் கூடவே வந்தது. எங்கள் வீட்டில் யாரும் வேலையை விட்டதில்லை. அம்மா சீரியலைக் காதால் பார்த்தார். ராட்டை சுற்றும், நூல் விரலில் ஓடும். அழுகைச் சத்தம் கேட்டால் மட்டும் தலை நிமிரும். அமெரிக்காவில் 1930களில் வானொலியில் பிறந்த ‘சோப்’ தொடர்கள், வீட்டுப் பெண்களுக்குச் சோப்பு விற்க உருவானவை. அவற்றின் துண்டு துண்டான, சொன்னதையே திரும்பச் சொல்லும் வடிவம் வீட்டுவேலையின் தாளத்தோடு பொருந்துகிறது என்று டானியா மாட்லெஸ்கி 1980களில் எழுதினார். வீடே பட்டறையாகவும் இருக்கும் ஊரில் அந்தத் தாளம் இரண்டு மடங்கு.

2020 ஊரடங்கில் பட்டு வராமல் தறிகள் நின்றன. நானும் ஊரில் மாட்டிக்கொண்டேன். அம்மாவும் நானும் ‘மெட்டி ஒலி’யைக் கைபேசியில் நாளுக்குப் பத்து அத்தியாயமாகப் பார்த்தோம். ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கதை அது. முன்பு மாமியாரின் கொடுமை ஒரு பொல்லாத பெண்ணின் குணமாகத்தான் எனக்குத் தெரிந்தது. தொடர்ந்து பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. கத்துவது பெண்கள்; பக்கத்தில் பேசாமல் நின்று பலன் அனுபவிப்பது ஆண்கள். பெண்ணைப் பெண்ணுக்கு எதிரியாக்கி, ஆணைக் கதையிலிருந்து தப்பவிடுகிறார்கள் என்றேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “நீ பத்து நாள்ல பாத்துட்டுப் பேசற. நாங்க மூணு வருஷம் பாத்தோம். அதுக்குள்ள இந்தத் தெருவுல எத்தனை பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு, எத்தனை பொண்ணு திரும்பி வந்துச்சு. சரோவுக்கு நடந்ததைப் பேசற மாதிரி பேசி, நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நடந்ததைப் பேசிக்கிட்டோம். நேரா பேச முடியுமா?”

நான் வாயடைத்துப் போனேன். கேபிள் தொலைக்காட்சி வந்த கிராமங்களில், மனைவியை அடிப்பது சரி என்று பெண்களே சொல்வது குறைந்தது என்று 2009இல் ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் ஆய்வு வெளியிட்டார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. திரையில் கண்ட நகரத்து வாழ்க்கை காரணமாக இருக்கலாம். அம்மா சொன்ன ‘சரோவைச் சொல்லி நம்மைப் பேசுவது’ம் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊரடங்கு முடிவதற்குள் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தையும் பார்த்தோம். எங்கள் தொழிலைப் பற்றிய படம், தேசிய விருது பெற்ற படம். மகளுக்குப் பட்டுப் புடவை தருவதாக வாக்குக் கொடுத்த நெசவாளி, பட்டு நூலை வாயில் ஒளித்துத் திருடி வருவான். நான் அழுதேன். அம்மா கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டார்: “நூலை வாயில வெச்சு எடுத்துட்டு வந்தான், சரி. தாரு யாரு சுத்தினா?”

தறி வீட்டைப் பற்றிய எந்த விமர்சனத்திலும் நான் படிக்காத கேள்வி இது. ஐம்பது வருடம் தார் சுற்றிய கை இருந்தால்தான் இதைக் கேட்க முடியும். அத்தை இப்போது இல்லை. அவர் அந்த இரவில் சொன்னவற்றில் எனக்கு மிஞ்சியது தறிக்குழி பற்றிய ஒரே ஒரு வாக்கியம்தான். மற்றவற்றை வம்புப் பேச்சு என்று நானும் கேட்காமல் தூங்கிவிட்டேன்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறையில் அம்மாவோடும் ஆயாவோடும் உட்கார்ந்து இரண்டு படம் சேர்ந்தாற்போல் பாருங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல், தேதி போட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தூங்கிவிடாதீர்கள்.