அரிட்டாபட்டி: கல்லில் எழுதிய அமானிதம்

மதுரைச் சமவெளியில் கடல்நடுத் தீவென எழுந்து நிற்கும் அரிட்டாபட்டிக் குன்றுகளுக்குச் சென்றிருந்தோம். பூமியில் பயணித்து முன்னோர் நிலையைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கிறதன்றோ?

நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் குகை செய்வித்த செய்தியை, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ் பிராமி எழுத்துகள் கழிஞ்சமலையில் உரைக்கின்றன. அங்கேயே, சமணத் துறவி அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் உண்டு. அதன்கீழுள்ள வட்டெழுத்து, அத்திருமேனியைப் பாதிரிக்குடியாரின் காவலில் வைக்கிறது. இவ்வாறு நம்பி ஒப்படைக்கப்படுவதையே நாம் அமானிதம் என்கிறோம்.

2022-இல் இவ்விடம் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2024-இல் இதனை உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்காக ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் திரண்டெழுந்தனர். 2025 சனவரியில் ஏலம் ரத்தாயிற்று. பாதிரிக்குடியாரின் காவல் தொடர்கிறது.

அமானிதத்தைப் பேணப் பணிக்கும் மார்க்கம், ஒப்படைத்தவர் எச்சமயத்தவர் என வினவுவதில்லை. அக்காவலில் நமக்கும் பங்குண்டு.