தலைமை ஆசிரியர் நாற்காலியும் நடுவழியில் மாறும் விதிகளும்

வெளிமாநிலங்களில் வேலை பார்க்கும் நம்மில் பாதிப் பேராவது ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளாக இருப்போம். அப்பாவோ அம்மாவோ, இல்லாவிட்டால் ஒரு சித்தப்பாவோ அத்தையோ வாத்தியாராக இருந்திருப்பார். ஊருக்குப் போன் போட்டால் மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்ற விசாரிப்புக்கு நடுவே ஒரு வரி வரும்: "எச்.எம். பேனல் போட்டாச்சு, ஆனா கேஸ் போட்டு ஸ்டே வாங்கிட்டாங்க." அதோடு பேச்சு முடிந்துவிடும். யார் கேஸ் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று நாமும் கேட்பதில்லை.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் அறுபது வருடச் சட்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன். சட்டப் பிரிவுகள் சில வரும், பயப்பட வேண்டாம்.

முதலில் பிரச்சினை என்னவென்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் மே மாதம் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். பணிமூப்புப் பட்டியலில் அடுத்து நிற்பவர் ஒரு டீச்சர். இருபத்தைந்து வருட சர்வீஸ். ஜூன் மாதமே பட்டியல் போட்டிருந்தால் அவர்தான் எச்.எம். ஆனால் அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை. நவம்பரில் அரசு விதியைத் திருத்துகிறது: இனிமேல் இன்ன தேர்வில் தேறியவருக்குத்தான் பதவி. டீச்சர் அந்தத் தேர்வு எழுதியதில்லை. பட்டியலில் அவருக்குக் கீழே இருக்கும் இளையவர் தேறியிருக்கிறார்.

காலியிடம் மே மாதத்தது. விதி நவம்பர் மாதத்தது. நாற்காலி யாருக்கு?

பழைய விதிப்படி டீச்சருக்கு, புது விதிப்படி இளையவருக்கு. இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். அதனால்தான் இந்த வழக்குகள் ஓய்வதே இல்லை.

அரசு ஊழியரின் பணி விதிகளை மாற்ற அரசுக்கு அதிகாரம் தருவது அரசியல் சாசனத்தின் 309-வது பிரிவு. சட்டமன்றம் சட்டம் இயற்றாத வரைக்கும் ஆளுநர் பெயரில் விதிகள் போடலாம், மாற்றலாம். "நான் சேர்ந்தபோது இருந்த விதிதானே எனக்கு ஒப்பந்தம்?" என்று ஊழியர் கேட்க முடியாது. ரோஷன் லால் டாண்டன் என்ற ரயில்வே ஊழியரின் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலையில் சேரும்வரைதான் அது ஒப்பந்தம்; சேர்ந்தபின் அது ஒரு அந்தஸ்து. அந்த அந்தஸ்தின் நிபந்தனைகளை அரசு தன் போக்கில் மாற்றலாம்.

கூடவே இன்னொரு வேறுபாட்டையும் நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்தன. பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது உரிமை. பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு உரிமை அல்ல, வெறும் வாய்ப்பு. கேட்க ஏதோ வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் மேலே சொன்ன டீச்சரின் தலையெழுத்தே இந்த வேறுபாட்டில்தான் தொங்குகிறது.

1983-ல் ஆந்திராவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. ஒய்.வி. ரங்கய்யா எதிர் ஜே. ஸ்ரீநிவாச ராவ். பள்ளிக்கூட வழக்கு இல்லை, பத்திரப் பதிவுத் துறை. சப்-ரிஜிஸ்ட்ரார் பதவிக்கு வருடா வருடம் செப்டம்பரில் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்பது விதி. 1976-ல் தயாரிக்கவில்லை. 1977-ல் விதி திருத்தப்பட்டு, அதுவரை தகுதியோடு இருந்த கீழ்நிலை எழுத்தர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் எழுத்தர்கள் பக்கம் நின்றது. உரிய காலத்தில் பட்டியல் போட்டிருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். திருத்தத்துக்கு முன் ஏற்பட்ட காலியிடங்களைப் பழைய விதிப்படியே நிரப்ப வேண்டும் என்றது.

அடுத்த நாற்பது வருடம் இந்தத் தீர்ப்புதான் பதவி உயர்வு வழக்குகளின் மூலமந்திரம். ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நீளமாகப் பேசும் ஒரு அண்ணன் இருப்பாரே, அவர் வாயில் "ரங்கய்யா கேஸ்" வராமல் இருக்காது. காலியிடம் எந்தத் தேதியில் வந்தது என்று பார், அன்றைய விதியைப் பார், அவ்வளவுதான்.

ஆனால் உச்ச நீதிமன்றமே கொஞ்சம் கொஞ்சமாக இதிலிருந்து விலக ஆரம்பித்தது. 1997-ல் கே. ராமுலு வழக்கில், விதி திருத்தம் முடியட்டும் என்று அரசு தெரிந்தே காலியிடங்களை நிரப்பாமல் வைத்தால் ரங்கய்யா பொருந்தாது என்றது. 2011-ல் தீபக் அகர்வால் வழக்கில், காலியிடம் வந்த தேதி முக்கியமில்லை, பரிசீலனை நடக்கும் தேதியில் எந்த விதி இருக்கிறதோ அதுதான் என்றது.

கடைசி அடி 2022 மே 20-ல் விழுந்தது. ஹிமாசலப் பிரதேசத் தொழிலாளர் துறையிலிருந்து வந்த ராஜ் குமார் வழக்கு. நீதிபதிகள் யு.யு. லலித், ரவீந்திர பட், பி.எஸ். நரசிம்மா. பழைய காலியிடத்துக்குப் பழைய விதி என்று பொதுவாக ஒரு சட்டக் கொள்கை கிடையாது, ரங்கய்யா தீர்ப்பில் சொன்னது சரியான சட்டம் அல்ல என்று அடித்தே எழுதிவிட்டார்கள். அந்தந்தத் துறையின் விதி என்ன சொல்கிறதோ அதைப் படி. காலியிடத்தை அந்தந்த வருடக் கணக்கிலேயே நிரப்ப வேண்டும் என்று விதியே சொன்னால் சரி. சொல்லாவிட்டால், பரிசீலிக்கும் நாளில் உள்ள விதிதான்.

நம் கற்பனைக் கணக்குக்கு இப்போது விடை மாறிவிட்டது. 2022-க்கு முன் என்றால் டீச்சர் ஜெயிக்க நல்ல வாய்ப்பு. இப்போது இளையவர் கை ஓங்கியிருக்கிறது.

"அப்படியானால் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றக்கூடாது என்கிறார்களே, அது என்ன?" என்று கேட்பீர்கள். அது வேறு சங்கதி. 2008-ல் கே. மஞ்சுஸ்ரீ வழக்கு, ஆந்திர மாவட்ட நீதிபதிகள் தேர்வு பற்றியது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்தார்கள். செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2024 நவம்பர் 7-ல் தேஜ் பிரகாஷ் பாட்டக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதி செய்தது: விளம்பரம் வெளிவந்து தேர்வு நடைமுறை தொடங்கியபின், விதியோ விளம்பரமோ அதற்கு இடம் கொடுத்தாலொழிய, தகுதி நிபந்தனையை மாற்றக்கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சித்திரம் தெளிவாகும். நடைமுறை தொடங்கிவிட்டால் பாதுகாப்பு உண்டு. தொடங்காமல் கோப்பு தூங்கினால் பாதுகாப்பு கிடையாது. எனவே பட்டியல் தயாரிக்கத் தாமதிக்கும் அலுவலகத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, காத்திருக்கும் ஆசிரியருக்குத்தான். ரங்கய்யா தீர்ப்பில் சட்டக் குறை இருந்திருக்கலாம். ஆனால் தாமதத்தின் விலையைத் தாமதித்தவன் தலையில் வைத்தது அதுதான். அந்த ஒரு நல்ல அம்சமும் சேர்ந்தே போய்விட்டது என்பது என் வருத்தம்.

இனி பள்ளிக்கூடத்துக்குள் வருவோம்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த டெட் என்னும் தகுதித் தேர்வு வேண்டும் என்று அறிவித்தது. மொத்தம் 150 மதிப்பெண், 60 சதவீதம் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்பது பலருக்கு நினைவிருக்கும்.

பழைய ஆசிரியர்கள் இது புதிதாகச் சேருபவர்களுக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தார்கள். அறிவிக்கையிலும் முன்பே பணியில் சேர்ந்தவர்களுக்கு விலக்கு தரும் ஒரு பத்தி இருந்தது. ஆனால் பதவி உயர்வு? தொடக்கக் கல்வித் துறையில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராகலாம், பட்டதாரி ஆசிரியராகலாம், அங்கிருந்து நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி. இந்த ஏணியில் ஏற டெட் வேண்டுமா வேண்டாமா?

2023 ஜூன் 2-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு (ஆர். மகாதேவன், முகமது ஷஃபீக்) பதில் சொன்னது. 2011 ஜூலை 29-க்கு முன் சேர்ந்தவர்கள் டெட் இல்லாமலே பணியில் தொடரலாம், ஊதிய உயர்வும் பெறலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் டெட் வேண்டும். தேர்வை நேரடி நியமனத்துக்கு மட்டும் என்று வைத்திருந்த மாநில விதியும் செல்லாது. பதவி உயர்வுப் பட்டியல்கள் அப்படியே நின்றன.

மேல்முறையீடு தில்லிக்குப் போனது. மகாராஷ்டிராவின் அஞ்சுமன் இஷாத்-இ-தலீம் அறக்கட்டளை வழக்கோடு சேர்த்து, 2025 செப்டம்பர் 1-ல் நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் தீர்ப்பளித்தார்கள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குமேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும். இல்லையேல் வேலையை விட்டுப் போக வேண்டும். ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் ஓய்வுவரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

ஆக, உயர் நீதிமன்றத்தில் "எங்களுக்குப் பதவி உயர்வு உண்டா?" என்று கிளம்பிய வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் "வேலையே இருக்குமா?" என்பதில் வந்து நின்றது. ஐம்பத்தாறு வயதில் எச்.எம். ஆகிவிடலாம் என்று இருந்தவருக்கு வேலை பிழைத்தது, நாற்காலி போயிற்று.

இதற்கு நடுவே தமிழ்நாட்டில் இன்னொரு விதி மாற்றமும் நடந்தது. 2023 டிசம்பர் 21 தேதியிட்ட அரசாணை 243. அதுவரை தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் முன்னுரிமை ஒன்றிய அளவில் இருந்தது. அதை மாநில அளவுக்கு மாற்றியது. ஒன்றியத்துக்குள்ளேயே மூத்தவராகி, பக்கத்து ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியராகலாம் என்று இருந்தவர் திடீரென்று மாநிலம் முழுக்க உள்ள பட்டியலில் எங்கோ கீழே. பெயர் வந்தாலும் எந்த மாவட்டமோ? வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு போக முடியாத பெண் ஆசிரியர்கள் "உரிமை விடல்" எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று சங்கங்கள் போராடின. மறுபக்கம், சில ஒன்றியங்களில் சீக்கிரமே பதவி உயர்வு, சில ஒன்றியங்களில் காலத்துக்கும் இல்லை என்ற பழைய அநியாயமும் உண்மைதான்.

பிஹார் கதை வேறு மாதிரி. அங்கே 2021-ல் புது விதி போட்டுத் தலைமை ஆசிரியர் பதவிகளைப் போட்டித் தேர்வுக்கு மாற்றினார்கள். 2022 மே 31-ல் மேல்நிலைப் பள்ளிகளுக்கான தேர்வு. இடங்கள் 6,421. தேறியவர்கள் 421 பேர்! மிச்சம் ஆறாயிரம் பள்ளிகளில் பழையபடி பொறுப்புத் தலைமை ஆசிரியர்கள்தான். 2024-ல் மறுபடி தேர்வு வைக்க வேண்டி வந்தது. பணிமூப்பை எடுத்துவிட்டுத் திறமையைக் கொண்டுவருவது சுலபம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம்.

அப்படியானால் தேர்வே கூடாதா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. ஒரு பள்ளியின் தலைமை என்பது கடைசி இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும் பிரிவு உபசாரப் பரிசு அல்ல. விதி மாறத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி.

இதற்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கேரளக் கல்விச் சட்டம் 1959 ஜூன் 1-ல் அமலானது. அதன் விதிகளில் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்குப் பன்னிரண்டு வருடப் பட்டதாரி ஆசிரியர் சர்வீஸும், கல்விச் சட்ட விதிகள், கணக்கு ஆகியவற்றில் துறைத் தேர்வுத் தேர்ச்சியும் வேண்டும். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் தேர்விலிருந்து நிரந்தர விலக்கு உண்டு. மூத்தவரைத் தாண்டி இன்னொருவரை நிர்வாகம் நியமிக்க நினைத்தால், மூத்தவர் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுத்தில் தரவேண்டும் என்றும் இருக்கிறது. அங்கேயும் வழக்குகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் விதி எழுதும்போதே "ஏற்கெனவே வரிசையில் நிற்பவரை என்ன செய்வது?" என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நம் வழக்குகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்விக்கு விதி பதில் சொல்லாததால் வந்தவை. விதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும். பட்டியலை இன்ன தேதிக்குள் போட வேண்டும், போடாவிட்டால் அந்த வருடக் காலியிடத்துக்குப் பழைய விதி. புதுத் தகுதி இன்ன ஆண்டிலிருந்து, அதுவரை தேர்வெழுத அவகாசம். ராஜ் குமார் தீர்ப்பே இதற்கு இடம் வைத்திருக்கிறது: விதி எப்படிச் சொல்கிறதோ அப்படி. விதியில் எழுதாமல் விட்டதைக் கோர்ட்டில் தேடினால் பத்து வருடம் ஆகும். டீச்சர் அதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார்.

அதுவரை பள்ளியில் ஒரு பொறுப்பு எச்.எம். இருப்பார். தன் வகுப்பையும் பார்த்துக்கொண்டு, சத்துணவுக் கணக்கையும் எழுதிக்கொண்டு, கையெழுத்து மட்டும் போடுவார். முழு அதிகாரமும் இல்லை, முழுச் சம்பளமும் இல்லை. அவர் கணக்கு எழுதும் நேரத்தில் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இந்த வழக்குகள் எதிலும் அந்தப் பிள்ளைகள் மனுதாரர்கள் இல்லை.

அடுத்த முறை ஊரிலிருந்து "ஸ்டே வாங்கிட்டாங்க" என்று சொன்னால், காலியிடம் எப்போது வந்தது, பட்டியல் எப்போது போட்டார்கள், விதி எப்போது மாறியது என்று மூன்று தேதிகளைக் கேட்டுப் பாருங்கள். வழக்கின் முடிவு கிட்டத்தட்ட அதிலேயே இருக்கும்.