வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட மொழி



போன வாரம் பேத்தி அட்லஸைப் பிரித்து, "தாத்தா, ஆப்கானிஸ்தான்ல என்ன பாஷை பேசுவாங்க?" என்றாள். பஷ்தோ, தாரி என்றேன். உங்களுக்கும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். அது அரைகுறைப் பதில். திருத்திக்கொள்கிறேன்.

அந்நாட்டின் கிழக்கே, இந்துகுஷ் மலைக்குள் நூரிஸ்தான் மாகாணம். அங்கே பாரூன் பள்ளத்தாக்கில் பிரசுன் என்றொரு மொழி இருக்கிறது. ஆறு ஊர்கள், சில ஆயிரம் பேர், அவ்வளவுதான். அதுவும் அதன் அண்டை மொழிகள் சிலவும் சேர்ந்து நூரிஸ்தானி கிளை. சமஸ்கிருதம் ஒரு கிளை, பாரசீகம் ஒரு கிளை என்றால் இது மூன்றாவது உடன்பிறப்பு. மேலாற்றுப் பக்கம் போனாரா, கீழாற்றுப் பக்கம் போனாரா என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடுமாம்!

இவர்கள் தங்களுக்கென்று தெய்வங்கள் வைத்திருந்தவர்கள். அதனால் அக்கம்பக்கத்தார் அந்த மலைநாட்டைக் காஃபிரிஸ்தான் என்றார்கள். பெரிய தெய்வம் இம்ரா. யமராஜன் என்ற சொல்லோடு தொடர்புடைய பெயர் என்கிறார்கள் அறிஞர்கள். இம்ராவின் தலைமைக் கோயில் பாரூனில்தான் இருந்தது. 1890, 91-ல் அந்த மலைநாட்டில் தங்கிய ஆங்கிலேய அதிகாரி ராபர்ட்சன் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

1895-96 குளிர்காலத்தில் அமீர் அப்துர் ரஹ்மானின் படை வந்தது. பனி பெய்து கணவாய்கள் அடைபட்ட நேரம், தப்பியோட வழியில்லை. கோயில் போயிற்று, மதம் மாற்றப்பட்டது, நாட்டின் பெயரும் நூரிஸ்தான் ஆயிற்று. ராபர்ட்சனின் புத்தகம் 1896-ல் வெளிவந்தபோது, அதில் எழுதிய உலகமே இல்லை.

மொழி மட்டும் மிஞ்சியது. எழுத்து கிடையாது. 1956-ல் ஜெர்மானியர் கேயார்க் புத்ருஸ் அங்கே போய், ஊர்க்காரர்கள் சொன்ன பழங்கதைகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அல்முத் டேகனர் என்ற அம்மையாரும் சேர்ந்து உழைத்து முதல் பாகம் அச்சானது 2015-ல். 59 வருடம்! சொன்னவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

2004 அரசியல் சட்டம் நூரிஸ்தானிக்கும் இடம் கொடுத்தது. ஆனால் ஒரே மொழி போல எழுதிவிட்டார்கள். பிரசுன்காரர் பேசினால் பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே புரியாது.

பேத்தி அட்லஸில் பாரூனைத் தேடினாள். பெயர் இல்லை. பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.