சிற்றளவு மோட்டார் வண்டிகள்: தமிழ்நாட்டில் மாதிரி கட்டும் கலை

ஓடும் காரையோ லாரியையோ பஸ்ஸையோ எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருக்கிக் கட்டுவது இந்தக் கலை. பொம்மைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பொம்மையின் சக்கரம் பெருத்திருக்கலாம், முகப்பு குறுகியிருக்கலாம். மாதிரியில் ஒரு கண்ணாடியின் உயரம் பிசகினாலும் வண்டியே வேறாகிவிடும். அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் பிறந்தது 1/24 அளவு. அமெரிக்க நிறுவனங்கள் 1/25ஐப் பிடித்துக்கொண்டன. கைக்கு அடங்கும் உலோகக் கார்களின் 1/43 அளவு பொம்மை ரயிலிலிருந்து வந்தது. 12 மீட்டர் பஸ் 1/24இல் அரை மீட்டர் நீளத்துக்கு வந்து நிற்கும். உலகெங்கும் இதன் வரலாற்றைப் பெட்டியில் அடைத்து விற்ற பிளாஸ்டிக் தொகுப்பிலிருந்து, அதாவது கிட்டிலிருந்து, தொடங்குவதே வழக்கம். தமிழ்நாட்டின் வரலாற்றை அங்கிருந்து தொடங்கினால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். இங்கே இந்தக் கலை பிறந்த இடம் பாடி கட்டும் பட்டறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெட்டித் தொகுப்பின் கதை நீளமானதல்ல. 1939இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1949இல் ஃபெர்குசன் டிராக்டரின் மாதிரியை வார்த்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரெவெல் பழங்கால கார்களைத் துண்டுகளாக விற்றது. கார் விற்பனையாளர்களுக்கு விளம்பர மாதிரிகள் செய்துகொடுத்த ஏ.எம்.டி. 1958இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய தொகுப்பைக் கொண்டுவந்தது: ஆலையிலிருந்து வந்தபடி ஒன்று, அலங்கரித்தபடி ஒன்று, பந்தயத்துக்கு ஏற்றபடி ஒன்று. மாற்றிக் கட்டும் உரிமையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது அது. ஆனால் இதற்கெல்லாம் முன்பே, 1930இல், ஜெனரல் மோட்டார்ஸின் உடற்கட்டுப் பிரிவான ஃபிஷர் பாடி சிறுவர்களுக்கு ஒரு மாதிரிப் போட்டியைத் தொடங்கிவிட்டது. முதலில் நெப்போலியன் காலக் கோச்சு வண்டியைச் செய்யச் சொன்னார்கள். பின்னர் சொந்தமாக வடிவமைத்த கார். 1968 வரை நடந்த அந்தப் போட்டிக்குப் பெட்டியும் கிடையாது, வார்த்த துண்டும் கிடையாது. பெரும்பாலும் மரமும் உளியும் உப்புத்தாளும்தான். கிட்டின் தாயகம் என்று சொல்லப்படும் நாட்டிலேயே, கிட்டுக்கு முன்னால் நின்றது உடல் கட்டும் தொழில்.

சென்னைக்கு வருவோம். தேனாம்பேட்டையைக் கடந்து கிண்டிக்குப் போகும் அண்ணா சாலை, மவுண்ட் ரோடாக இருந்த காலத்திலேயே வண்டித் தொழிலின் தெருவாகிவிட்டது. 1840இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி குதிரை வண்டிகளைக் கட்டியது. அதே கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவிக் காரைச் செய்தார். கோச்சு கட்டிய கை மோட்டாருக்கு மாறிய தருணம் அது. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆலைகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களைப் பிரித்த பாகங்களாக இறக்குமதி செய்து எண்ணூரில் பூட்டியது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. தனிச் சேசிஸ் மேல் உடல் தகடுகளைப் போல்ட் போட்டு முடுக்கும் அமைப்பு ஹெரால்டுக்கு இருந்ததால், கடல் கடந்த ஊரில் பூட்டுவதற்கு அது தோதான கார். முழு அளவிலான கிட் என்று இவற்றைச் சொன்னால் உவமைக்காகச் சொன்னதாகாது. பெட்டி, துண்டுகள், வரிசை முறை, பூட்டும் கை எல்லாம் அப்படியே இருந்தன. ஏர்ஃபிக்ஸின் 1/32 ஹெரால்டைக் கட்டுபவரும் வண்டலூர்த் தொழிலாளி பூட்டிய அதே காரைத்தான் பூட்டுகிறார்.

லாரியும் பஸ்ஸும் இதைவிட ஒரு படி மேலே போயின. 1950இல் லேலண்டுடன் ஒப்பந்தம் செய்து 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனம், பெரும்பாலும் வெறும் சேசிஸாகவே வண்டியை விற்றது. எஞ்சின், சட்டம், சக்கரம், முன்னால் கவுல் எனப்படும் முகப்புத் தகடு. டிரைவர் திறந்தவெளியில் உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டு போவதை நெடுஞ்சாலையில் பார்க்காத தமிழர் குறைவு. பஸ்ஸானால் கரூருக்கு, லாரியானால் நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியானால் திருச்செங்கோட்டுக்கு. அங்கே பட்டறையில் வண்டிக்கு முகமும் உடம்பும் வாய்த்தன. கேபினின் சாய்வு, படிக்கட்டின் இடம், பக்கவாட்டின் கோடு, பெயர் எழுதும் பாணி எல்லாம் முதலாளியும் மேஸ்திரியும் பேசி முடிவு செய்தவை. ஒரே ஆலைச் சேசிஸ் மேல் இரண்டு பட்டறைகள் கட்டிய பஸ்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. பஸ் பித்து உள்ளவர் தூரத்தில் வரும்போதே எந்தப் பட்டறை பாடி என்று சொல்லிவிடுவார். மாற்றிக் கட்டுவது அமெரிக்கச் சிறுவனுக்கு விளையாட்டாக வந்தது. இங்கே வண்டி பிறக்கும் முறையே அதுதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இங்குள்ள மாதிரி ஆர்வலர்களுக்குக் கிட் கிடைக்கவில்லை, அதனால் அட்டையையும் பலகையையும் வெட்டினார்கள். இல்லாமையைப் பாரம்பரியம் என்று சொல்வானேன் என்று கேட்கலாம். கிடைக்கவில்லை என்பது உண்மை. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுதும் நீங்கின. அதற்கு முன் வெளிநாட்டு மாதிரிகள் இங்கே வந்த வழி வேறு: இங்கிலாந்தின் டிங்கி பொம்மைக் கார்களின் அச்சுகள் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. கதவு திறந்த பின்னும் சுங்கம் விடவில்லை. சிற்றளவு மாதிரிகள் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு 9503 என்ற ஒரே தலைப்பில் அடங்குகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கம் 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. ஆனால் இல்லாமை கிட் ஏன் பரவவில்லை என்பதை விளக்குமே தவிர, அதன் இடத்தில் எது வந்தது என்பதை விளக்காது. பணமும் வழியும் உள்ளவருக்கு இன்று தமியாவின் பந்தயக் காரும் இத்தாலேரியின் ஐரோப்பிய லாரியும் கிடைக்கின்றன. கரூர் பாடி கட்டிய லேலண்ட் பஸ் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. எஃகு அச்சு ஒன்றை வெட்டும் செலவைத் திரும்ப எடுக்க ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். பட்டறைக்குப் பட்டறை மாறும் உடலுக்கு எந்த அச்சை வெட்டுவது? அம்பாசடர், ஆட்டோ, லாரி என்று நம் வண்டிகளைப் பிளாஸ்டிக்கில் தரும் சென்டி பொம்மைகளைக்கூட ஆர்வலர்கள் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பிரித்து, பெயின்ட் அடித்து, சக்கரம் மாற்றுகிறார்கள். தங்கள் ஊர் வண்டி வேண்டும் என்ற ஆசைதான் அவர்களைப் பலகை வெட்ட வைக்கிறது.

அந்த வேலையைப் பார்த்தால் பட்டறை வரிசை அப்படியே தெரியும். முதலில் சேசிஸ், பிறகு தளம், தூண்கள், கூரை, கடைசியில் தகடு. சன்போர்டு, ஃபோம் ஷீட், மல்டிவுட் போன்றவையே பொருள். கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட், விளக்குக்கு எல்.இ.டி. பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, பிரைமர் அடிப்பது என்று சொற்களும் பட்டறையின் சொற்களே. சிக்கல் கனத்தில் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் பலகை 1/24 கணக்கில் 72 மில்லிமீட்டர் சுவராகிவிடும். ஜன்னல் தூண்கள் தடித்துத் தெரிவது இதனால்தான். விளிம்பைச் சாய்த்துச் சீவினால்தான் கண் ஏமாறும். மாறாக, அச்சடித்த ஸ்டிக்கரின் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் நிஜத்தில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தகட்டுக்குச் சமம். ஆகவே ஸ்டிக்கரை வெறும் ஒப்பனை என்று தள்ள முடியாது. பஸ்ஸின் வெளித்தோலாகவே அது வேலை செய்கிறது. அண்மையில் வீல் டிஸ்க்கும் ஸ்டியரிங்கும் முப்பரிமாண அச்சில் வரத் தொடங்கிவிட்டன. உடல் மட்டும் இன்னும் கையிலேயே கட்டப்படுகிறது.

புகைப்படத்தைப் பார்த்துக் கட்டுவதில் அளவு பிசகும். அதைச் சிற்றளவு மாதிரி என்று ஒப்புக்கொள்ள முடியாது என்பது இன்னொரு மறுப்பு. பிசகுவது உண்மைதான். நீளம் சரியாக இருந்து உயரம் தவறிய மாதிரிகள் நிறையவே உண்டு, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் துல்லியத்தை அளப்பது யார் என்ற கேள்விக்குத் தமிழில் பழைய விடை ஒன்று இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை குழந்தைகள் உருட்டும், ஏறிச் செல்ல முடியாத தேர் ஒன்றைச் சொல்லும்போது, தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் அதை விரும்புவார்கள் என்று சிறப்பிக்கிறது. பெரிய தேரை நாளும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பிடித்திருக்கிறது. அதைவிடக் கடுமையான தேர்வு வேறென்ன? ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர் என்பதையும் இங்கே நினைக்கலாம். உருட்ட முடியாவிட்டாலும், வள்ளுவர் கோட்டத்தில் 1976இல் எழுந்த கல்தேரும் திருவாரூர்த் தேரைப் பார்த்துச் செய்ததே. அதுபோல மாதிரி பஸ்ஸையும், நிஜ பஸ்ஸை ஓட்டும் டிரைவர், அதில் ஏறும் பயணி, பாடி கட்டிய மேஸ்திரி ஆகியோர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் ஸ்கேலை எடுப்பதில்லை. முகப்பைப் பார்த்ததும் தப்பைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இந்தப் பட்டறை முறை இப்போது மாறிவருகிறது. பஸ் உடலுக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரி உடலுக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற விதித்தொகுப்புகள் வடிவத்தையும் வலிமையையும் வரையறுக்கின்றன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயம். கேபின் இப்போது பெரும்பாலும் ஆலையிலிருந்தே முழுதாக வந்துவிடுகிறது. பயணியின் உயிருக்கும் டிரைவரின் உடம்புக்கும் இது நல்லது. பழைய மரக் கேபினின் வெக்கையில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழைய உடல்களுக்கு ஆலையில் வரைபடம் இருந்ததில்லை. மேஸ்திரியின் மனக்கணக்கிலும் பட்டறைச் சுவரின் சுண்ணாம்புக் கோட்டிலும் இருந்தவை அவை. காயலான் கடையில் வண்டி உடைபட்டதும் அவையும் போய்விடுகின்றன. மாதிரி கட்டும் இளைஞர்கள் பலர் இன்று ஓடும் பஸ்ஸை விட்டு, தாங்கள் பள்ளிக்குப் போன காலத்துப் பஸ்ஸைக் கட்டுகிறார்கள். அதற்காகப் பழைய புகைப்படங்களைத் தேடி, சக்கரத்தின் விட்டத்தை அளவுகோலாக வைத்து, மற்ற நீளங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு எழுதிக்கொள்கிறார்கள்.