செம்மண்ணைக் கல்லாக்கியவர்கள்: குயிலாப்பாளையம் வட்டாரப் பொறியியலின் வரலாறு

இந்தியப் பொறியாளர் அமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் 1920இல் சென்னையில் பதிவான இந்தியப் பொறியாளர் நிறுவனத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1935இல் அரச சாசனம் பெற்ற அந்த நிறுவனத்தில் சேரப் பட்டமோ தேர்வோ வேண்டும். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் குயிலாப்பாளையத்தில் பொறியியல் வேறு வழியில் வளர்ந்தது. அதற்கு உறுப்பினர் பட்டியல் இல்லை. பட்டறைகளும், ஆய்வுக் கூடங்களும், கட்டுமானக் களங்களும்தான் அதன் கூடுமிடங்கள். வெளிநாட்டிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்த பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் ஒரு பக்கம்; சுற்றுவட்டாரக் கொத்தனார்களும் சித்தாள்களும் தச்சர்களும் மறுபக்கம். இந்த இரண்டாம் தரப்பின் பங்களிப்பு எழுத்தில் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. அந்தக் குறையை மனத்தில் வைத்தே இந்த அரை நூற்றாண்டு வரலாற்றை இங்கே பின்தொடர்கிறேன்.

1968 பிப்ரவரி 28 அன்று இந்த வட்டாரத்தில் ஆரோவில் என்னும் பன்னாட்டு நகரம் தொடங்கப்பட்டது. 124 நாடுகளிலிருந்து வந்த மண்ணைத் தாழியில் இட்ட விழா பலருக்கும் தெரியும். அந்தத் தாழி நின்ற மேட்டு நிலத்தின் கதை அவ்வளவாகத் தெரியாது. கடற்கரையிலிருந்து மேற்கே ஏறும் இந்தச் செம்மண் மேடு அப்போது மரம் இழந்து கிடந்தது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மேல்மண் ஓடைகளில் கரைந்து கடலுக்குப் போனது. மழை அறுத்த பள்ளங்கள் சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் ஆழமாக இருந்தன.

1970 வாக்கில் குயிலாப்பாளையத்தை ஒட்டி ஆஸ்பிரேஷன் குடியிருப்பு எழுந்தது. முதல் வீடுகள் கீற்றுக் கொட்டகைகளே. கீற்று முடைவதும், சவுக்குக் கம்பு நட்டுக் கயிற்றால் கட்டுவதும், காற்று வரும் திசை பார்த்துக் கூரையின் சாய்வை முடிவுசெய்வதும் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த வேலை. அந்த ஆண்டுகளின் முதல் பெரிய பொறியியல் பணி கட்டடம் அல்ல. மண்ணை ஓடவிடாமல் வரப்புப் போடுவதும், ஓடைக்குக் குறுக்கே சிறு தடுப்பணை கட்டுவதும், நின்ற நீரை நம்பி மரம் நடுவதும்தான் அது. எந்தப் பக்கம் நிலம் சாய்கிறது, மழைநீர் எங்கே திரும்பும் என்பது தலைமுறையாக மானாவாரிப் பயிர் வைத்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. பிற்காலத்தில் இங்கே எழுந்த எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் அடிப்படை இந்த மண்வேலைதான் என்பது என் முடிபு.

1984இல் ஆரோவில் அறிவியல் ஆய்வு மையம் அமைந்தபோது, தனித்தனியாக நடந்துவந்த முயற்சிகளுக்கு ஒரு நிறுவன வடிவம் கிடைத்தது. கம்பிவலைமேல் சிமெண்ட் கலவை பூசி மெல்லிய தகடாக்கும் ஃபெரோசிமெண்ட் முறையில் தண்ணீர்த் தொட்டி, கதவு, கூரைத் துண்டு, சாண எரிவாயுக் கலன் ஆகியவற்றை அது செய்தது. ஆரேகா என்ற உலோகப் பட்டறை தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளை உருவாக்கியது. காற்றாலைகளின் பரவல் பின்னர் மங்கியது, ஃபெரோசிமெண்ட் நிலைத்தது. நகரும் பாகம் இல்லாத, ஊரிலேயே பழுதுபார்க்கக்கூடிய பொருள் நிலைக்கும் என்ற பாடத்தை அடுத்த பத்தாண்டின் வேலைகளில் காணலாம்.

1980களின் நடுவில் கேரளத்தின் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி மையம், மலிவான வீடு கட்டும் முறைகளையும் கொத்தனார் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. நடுவண் அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோ அதை முன்மாதிரியாகக் கொண்டு நாடெங்கும் கட்டுமான மையங்களை ஊக்குவித்தது. அந்த அலையில் 1989இல் தோன்றிய ஆரோவில் கட்டுமான மையம்தான் இன்றைய ஆரோவில் மண் கட்டடக் கழகம். சத்பிரேம் மைனி அதை வழிநடத்தினார். மண்ணை அழுத்திக் கல்லாக்க இங்கே உருவான ஆரம் 3000 என்னும் கைவிசை எந்திரத்தை ஆரேகா பட்டறை செய்துகொடுத்தது.

மண்கல் எந்திரம் இங்கே பிறந்த கருத்து அன்று. 1950களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் ரவுல் ராமிரஸ் உருவாக்கிய சின்வா ராம் அதன் முன்னோடி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா குழு இந்தியச் சூழலுக்கேற்ப அந்த ஆய்வைக் கொண்டுசென்றது. குயிலாப்பாளையம் வட்டாரம் அதற்குத் தந்தது, கல்லாகவே காத்திருந்த மண்ணை. இங்குள்ள செம்மண்ணில் மணலும் களிமண்ணும் வேண்டிய அளவில் கலந்திருக்கின்றன.

செய்முறை எளிது, கவனம் மட்டும் அதிகம் வேண்டும். மேல்மண்ணை அகற்றி அடிமண்ணை வெட்டிச் சலிக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமெண்ட் சேர்த்துப் புரட்ட வேண்டும். பிறகு ஈரம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக்கூடாது. அந்த அளவைக் காட்டும் கருவி உள்ளங்கைதான். 24 சென்டிமீட்டர் சதுரமும் 9 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட கல் அழுத்தி எடுக்கப்பட்டு, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைக்கப்படுகிறது. சூளை இல்லை, விறகு இல்லை. செங்கல் சூளைகளுக்காக மரம் அழிவதைக் கண்ட ஒரு மாவட்டத்துக்கு இது பெரிய செய்தி.

1989 முதல் 1992 வரை கட்டப்பட்ட ஆரோவில் வருகையாளர் மையத்துக்கு, ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கு உரிய ஹசன் ஃபாத்தி விருது 1992இல் கிடைத்தது. வடிவமைத்தவர் சுஹாசினி ஐயர். 1990களில் எழுந்த விகாஸ் குடியிருப்பு அடித்தளம் முதல் கூரை வரை சிமெண்ட் சேர்த்த மண்ணால் ஆனது. அதன் ஒரு கட்டடம் நான்கு தளங்களுடன் 13 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. 2000இல் உலக வாழிட விருதின் இறுதிச் சுற்றுக்கு அந்தக் குடியிருப்பு வந்தது. மண் வீடு மழைக்குத் தாங்காது என்ற நம்பிக்கைக்கு, ஆண்டுதோறும் புயல் மிரட்டும் கடலோரத்திலேயே அது பதில் சொல்லி நிற்கிறது.

விருதுக்குப் பெயர் தந்த ஹசன் ஃபாத்தி எகிப்தியக் கட்டடக் கலைஞர். சாரமும் அச்சும் இல்லாமல் மண்கல்லால் வளைவுக் கூரை எழுப்பும் கலை அசுவான் பகுதி நூபியக் கொத்தனார்களிடம் உயிரோடு இருப்பதைக் கண்டு, 1940களில் அவர்களை வேலைக்கு அழைத்தவர் அவர். லக்சர் நகரின் ராமசியம் கோயில் களஞ்சியங்களில் அதே முறை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. மண் கட்டடக் கழகம் அந்த நூபிய முறையை எடுத்துத் தன் வழியில் விரித்தது. அச்சு இல்லாத வளைவில் ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லைப் பற்றிக்கொண்டே ஏறவேண்டும். கலவை ஒரு மில்லிமீட்டர் தடித்தால் வளைவின் கோடு மாறும். இந்த நுட்பம் கைகளுக்கு வந்தபின் கொத்தனாரின் இடமே மாறிவிடுகிறது. வரைபடத்தை நிறைவேற்றுபவராக மட்டும் இருந்தவர், வரைபடம் சரியா என்று களத்தில் சொல்லக்கூடியவராகிறார்.

கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 22 மீட்டருக்கும் அதிக அகலமுள்ள தியானலிங்கக் கவிமாடத்தைத் தமிழ் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். சுட்ட செங்கல்லாலான அந்தக் கவிமாடத்தின் கட்டுமானத்துக்கு இந்தக் கழகமே தொழில்நுட்பம் அளித்தது. இங்கு பழகிய நுட்பம் வேறு கல்லுக்கும் வேறு நிலத்துக்கும் பொருந்தியது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் வீடு மீளக் கட்டும் பணிக்கு, கம்பி கோத்த உள்ளீடற்ற மண்கல் முறையை இங்கிருந்து கொண்டுசென்றார்கள்; குஜராத் அரசும் அதை ஏற்றது.

கட்டடத்துக்கு அப்பாலும் இந்தப் பொறியியல் விரிந்தது. ஆரோவில் சூரிய சமையலறையின் கூரைமேல் 15 மீட்டர் அகலக் கிண்ணம் 1990களின் பிற்பகுதியில் அமைந்தது. அறிவியல் ஆய்வு மையத்தின் பணி அது. ஆயிரக்கணக்கான சாதாரணக் கண்ணாடித் துண்டுகள் பதித்த அந்தக் கிண்ணம் அசைவதில்லை. கோளத்தின் உட்புறத்தில் பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒரு கோட்டில் குவியும். அந்தக் கோட்டில் நிற்கும் கொதிகலன் மட்டும் கதிரவனைத் தொடர்ந்து நகரும். வெயில் நல்ல நாளில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தேவையான நீராவிக்கு இது உதவும் வகையில் திட்டமிடப்பட்டது. மேகம் மூடினால் டீசல் கொதிகலன் துணை. அமெரிக்காவின் கிராஸ்பிட்டனில் 1980இல் இதே தத்துவத்தில் 20 மீட்டர் கிண்ணம் அமைத்தார்கள். அங்கே மின்சாரம் இலக்கு. இங்கே சோறும் சாம்பாரும். எனக்கு இரண்டாவது இலக்கே பெரிதாகத் தெரிகிறது.

கழிவுநீரிலும் ஆய்வு மையத்தினர் கால்பதித்தார்கள். மின்மோட்டார் அதிகம் வேண்டாத, சரளைக்கல்லும் நாணலும் குளமும் கொண்டு நீரைத் தூய்மையாக்கும் பரவலாக்கப்பட்ட முறையை அவர்கள் செம்மைப்படுத்தினார்கள். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் நாளொன்றுக்குச் சுமார் 300 கன மீட்டர் கழிவுநீரை அப்படித் தூய்மையாக்கித் தோட்டத்துக்கு விடுகிறார்கள்.

இத்தனைக்கும் குயிலாப்பாளையத்தின் தெருக்களில் எழும் புதிய வீடுகளில் பெரும்பாலானவை சுட்ட செங்கல்லும் கான்கிரீட் மெத்தையும்தான். ஊர்மக்களின் அறியாமை என்று இதை ஒதுக்குவது தவறு. கீற்றிலும் மண்சுவரிலும் தலைமுறைகளைக் கழித்த குடும்பத்துக்கு மெத்தை வீடு என்பது மரியாதை. அரசு வீட்டுத் திட்டங்களின் மதிப்பீடுகளும் செங்கல்லையும் கான்கிரீட்டையும் வைத்தே போடப்படுகின்றன. வங்கிக்கடன் கேட்டுப் போகிறவரும் அதையே நம்புகிறார். பகலில் மண்கல் வளைவு கட்டிவிட்டு, மாலையில் தன் சொந்த வீட்டுக்குச் செங்கல் வாங்கும் கொத்தனாரிடம் எந்த முரண்பாடும் இல்லை. அவர் கைவேலைக்குத் தரப்பட்ட மதிப்பு அவர் வீட்டுக்கும் வந்து சேரவில்லை என்பதே பொருள். அமைப்புகளின் சமூகப் பங்களிப்பை எடைபோடும்போது, பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையோடு இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கட்டடங்களின் பெயர்ப்பலகைகளிலும் ஆய்வறிக்கைகளிலும் வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது. வளைவின் கடைசிக் கல்லை வைத்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. முதல் தலைமுறைக் கொத்தனார்கள் இன்று முதியவர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் கட்டடப் பொறியியல் மாணவர்கள் குயிலாப்பாளையத்துக்கும் அருகிலுள்ள இடையஞ்சாவடிக்கும் ஆலங்குப்பத்துக்கும் வந்து, ஒவ்வொரு கட்டடத்திலும் வேலைசெய்தவர்களின் பெயரையும் அவர்கள் சொல்லும் செய்முறையையும் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவை வைத்து அவர்களுக்கு அரசின் திறன் சான்றிதழ் கிடைக்கச் செய்ய வேண்டும். கல்லூரி முதல்வர்களும் மாவட்ட நிர்வாகமும் இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.