பெயரும் முத்திரையும்

பாட்டன் விட்டுச்சென்ற பொருளுக்கு இருவகை வரலாறு உண்டு. வீட்டார் சொல்லும் வரலாறு ஒன்று. அந்தப் பொருளே சொல்லும் வரலாறு மற்றொன்று. இரண்டும் ஒத்துவரின் மகிழ்ச்சி. ஒவ்வாதபோது எதை நம்புவது? அமெரிக்க நாட்டுப் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று இதற்கு விடை பகர்கிறது.

அது இரட்டைக்குழல் துப்பாக்கி. மேலே இரு குதிரைகள். பின்புறம் மடித்துத் திறந்தால் தோட்டாவை இடலாம். பக்கத் தகட்டிலே 'ஜே. மேன்டன்' என்ற பெயர். பெயரைக் கண்டதும் பேரனுக்குப் பெருமிதம் பொங்குகிறது. இலண்டன் மாநகரிலே, பிரபுக்கள் காத்துக்கிடந்து வாங்கிச் சென்ற துப்பாக்கிகளைச் செய்தவர் ஜோசப் மேன்டன் அல்லவா! அவர் கைபட்ட கருவி நம் வீட்டிலா!

பெருமிதம் பேசட்டும், காலக்கணக்கும் சற்றே பேசட்டும். 1766இல் பிறந்த மேன்டன், புகழின் உச்சி கண்டு, 1826இல் கடனில் மூழ்கி நொடித்து, 1835இல் மறைந்தார். அவர் செய்தவை, குழலின் வாய்வழியே மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகள். பின்புறம் திறந்து தோட்டா இடும் முறையை உருவாக்கியவர் பாரிஸ் நகரத்து லெஃபோஷே. 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியில் அதைக் கண்ட பிறகே ஆங்கிலக் கைவினைஞர் அம்முறையில் நாட்டம் கொண்டனர். அப்போது மேன்டன் மறைந்து பதினாறு ஆண்டுகள்! கல்லறையிலிருந்து எழுந்துவந்தா இதைச் செய்தார்?

அப்படியானால் செய்தவர் யார்? தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலைக் கட்டையிலிருந்து கழற்றி அடிப்புறத்தைப் பாருங்கள். முட்டை வடிவக் கோட்டுக்குள் 'இ.எல்.ஜி.' என்ற மூன்று எழுத்துகள். பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரச் சோதனைச்சாலையின் முத்திரை அது. மேலே மகுடம் இருப்பின், 1893இலோ அதற்குப் பின்னரோ இடப்பட்டது. 'பெல்ஜியம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அதற்கும் காரணம் உண்டு: இறக்குமதிப் பொருளிலே பிறந்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்தது. கதை தெளிவாகிவிட்டது. பெல்ஜியத்தில் செய்து, விலைபோகும் இலண்டன் பெயரைப் பொறித்து, அமெரிக்கச் சந்தையில் விற்ற துப்பாக்கி இது. இப்படி வந்தவை ஒன்றிரண்டல்ல, ஏராளம்.

பெயர் பொய். ஆனால் துப்பாக்கி பொய்யன்று. லியேஜை அடுத்த வெஸ்திர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, நெசோன்வோ போன்ற சிற்றூர்களிலே, உலைக்களத்து வெம்மையில் உழைத்தோர் பலர். இரும்பையும் எஃகையும் அடுக்கிக் காய்ச்சி, கம்பியாக நீட்டி, கயிறுபோல முறுக்கி, உருளையைச் சுற்றி வளைத்து, சம்மட்டியால் அடித்து ஒட்டிக் குழலாக்கினர். அலை அலையான கோலம் அதன் மேனியில் தோன்றும். 'டமாஸ்கஸ்' குழல் என்பர். ஆங்கிலக் கைவினைஞரே அங்கிருந்து குழல் வாங்கியதுண்டு. அந்த உழைப்பாளியின் பெயர் எங்கே? இல்லை! செத்தவர் பெயர் மேலே மின்னுகிறது. செய்தவர் திறன் பெயரின்றிக் கிடக்கிறது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். லியேஜில் 1672 முதல் சோதனைச்சாலை உண்டு. பர்மிங்ஹாமில் 1813 முதல். இங்கே, "என் குழல் உறுதியானது" என்று செய்தவன் சத்தியம் செய்தால் போதாது. வழக்கமான அளவுக்கு மேல் மருந்திட்டு வெடிப்பார்கள். தாங்கினால் முத்திரை, பிளந்தால் குப்பை. இரும்புக்கு இத்தனை சோதனை! அதைச் சுற்றிப் படர்ந்த குடும்பக் கதைக்கோ ஒரு சோதனையும் இல்லை!

தோழர்களே! அமெரிக்கப் பேரனைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமை இல்லை. பிறப்பால் உயர்ந்தோம் என்ற பொறிப்பும், ஆண்ட பரம்பரை என்ற பொறிப்பும், பாட்டன் சொன்னார் என்பதற்காகவே இங்கே மின்னவில்லையா? அவற்றின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்தோமா? எந்த ஆண்டு, எவர் பொறித்தது, எவருக்கு ஆதாயம் என்று கேட்டோமா?

பழைய டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்துக்கு உரியது. இக்காலத் தோட்டாவை இட்டுச் சுட்டால், குழல் பிளந்து சுட்டவன் கையையே சிதைக்கக்கூடும். ஆகவே அறிந்தவர் அதைச் சுடுவதில்லை. ஆராய்ந்து, போற்றி, காட்சிக்கு வைப்பர். பழம் பொருளை மதிக்கும் முறை அதுதான். பாட்டன் தந்ததைத் தூக்கி எறியவேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையாளவும் வேண்டியதில்லை. பெயரைப் படித்ததும் நின்றுவிடாதீர், முத்திரையைத் தேடுங்கள்!